ஈஆர் பாசிட்டிவ் என்றால் மகளுக்கும் வருமா? ஹார்மோன் ரிசப்டர் மரபணுவும் மார்பகப் புற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளையில் காலை பஸ் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம். அங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்துப் பெண்களோடு துணைக்குப் போய்வருவது, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்குப் பழக்கமாகிவிட்டது. போகும்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. திரும்பும்போதுதான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வரும். இதில் மொழிச் சிக்கல் வேறு. மார்பகப் புற்றை மலையாளத்தில் ‘ஸ்தனார்புதம்’ என்பார்கள். ஒரு அக்கா காதில் அது ‘அற்புதம்’ என்று விழுந்து, டாக்டர் ஏதோ நல்ல சேதி சொல்கிறார் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்திலிருந்து கிளம்புபவை. கட்டியில் தென்படும் ரிசப்டர் ஒன்று. பிறக்கும்போதே குடும்ப வழியில் வரும் மரபணு வேறுபாடு இன்னொன்று. சிகிச்சை நடக்கும்போது கட்டிக்குள் புதிதாக முளைக்கும் மாற்றம் மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் மகள்களின் கல்யாணப் பேச்சு வரைக்கும் பயம் போய் நிற்கிறது. நான் மருத்துவர் அல்ல. மருந்தை மாற்றுவதற்கோ நிறுத்துவதற்கோ இதை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

ஹார்மோன் ரிசப்டர்னா என்ன? எல்லாரும் சொல்லுறாங்க, யாரும் விளக்க மாட்டேங்கிறாங்க.

எல்லைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. செக்போஸ்ட்டில் நிற்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிக்காரர் சீட்டை நீட்டினால் அவர் தடியைத் தூக்குவார், லாரி போகும். சீட்டு இல்லையென்றால் தடி கீழேயே கிடக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் அந்தச் சீட்டு. செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான் காவலாளி, அதாவது ரிசப்டர். சீட்டு கைக்கு வந்ததும் அது டிஎன்ஏ மேல் போய் உட்கார்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடும். மார்பகச் செல்லில் அப்படி முடுக்கப்படும் வேலைகளில் ஒன்று, செல் பெருகுவது.

ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு உண்டு. பீட்டாவைக் கண்டுபிடித்தது 1996-ல்தான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் ‘ஈஆர்’ என்று வருவது ஆல்ஃபா. ‘பிஆர்’ என்பது புரோஜெஸ்டரோன் ஹார்மோனுக்கான ரிசப்டர். இவை மார்பில் மட்டும் இருப்பவை அல்ல, கருப்பையிலும் எலும்பிலும் மூளையிலும்கூட உண்டு.

ஹார்மோனுக்கும் மார்புல வர்ற கட்டிக்கும் சம்பந்தம் இருக்குன்னு எப்பக் கண்டுபிடிச்சாங்க?

ரிசப்டர் என்ற சொல்லே இந்தப் பொருளில் வழங்காத காலத்தில். ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்று இருந்த பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுத்துவிட்டு, கட்டி சுருங்கியதை 1896-ல் எழுதினார். ஏன் சுருங்கியது என்று அவருக்குத் தெரியாது. சீட்டு அச்சடிக்கும் இடத்தையே அவர் மூடிவிட்டார் என்பது, 1950-களின் கடைசியில் எல்வுட் ஜென்சன் சிகாகோவில் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரைக் கண்டறிந்த பிறகே புரிந்தது.

எனக்கு ஈஆர் 8/8 பாசிட்டிவ்னு எழுதியிருக்கு. அப்ப இது ஜீன்ல வந்த கோளாறா? எனக்க மகளுக்கும் போகுமா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எத்தனை செல்களில் சாயம் பிடித்திருக்கிறது என்பதற்கு 5 வரை மதிப்பெண், எவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருக்கிறது என்பதற்கு 3 வரை. கூட்டினால் 8. ஆக 8/8 என்பது உங்கள் கட்டியின் செல்களில் காவலாளிகள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள் என்ற செய்தி. உங்கள் ரத்தத்தையோ பரம்பரையையோ அந்தப் பரிசோதனை பார்க்கவே இல்லை. அந்த 8/8 மகளுக்குச் சொத்து மாதிரி எழுதிவைக்கப்படுவதில்லை.

இதை நான் நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நூற்றில் ஒரு செல்லில் சாயம் பிடித்தாலே பாசிட்டிவ் என்று கொள்கிறார்கள், ஏனென்றால் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து பயன்படுமா என்று தெரிய அது உதவும். டாமாக்சிஃபென் மாத்திரை, காவலாளியின் கையில் செல்லாத சீட்டைத் திணித்துவைக்கிற மருந்து. ஈஆர் பாசிட்டிவ் உள்ளவர்கள் 5 வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டால், மார்பகப் புற்றால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே அழுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எனக்கு ட்ரிபிள் நெகட்டிவ். அப்ப எனக்க உடம்புல அந்த ரிசப்டர் ஜீனே இல்லையா?

இருக்கிறது. உங்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும், கட்டியின் செல்லிலும்கூட, அந்த மரபணு பொதுவாக இருக்கும். கட்டியில் அது ஊமையாகிக் கிடக்கிறது, காவலாளியை நியமிப்பதில்லை. ஈஆர், பிஆர், ஹெர்-2 (செல்லைப் பெருகத் தூண்டும் இன்னொரு புரதம்) மூன்றும் இல்லாததால்தான் ட்ரிபிள் நெகட்டிவ். மேலை நாடுகளில் மார்பகப் புற்றுகளில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இந்த வகை. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் 30 வரை வருகிறது. இந்த வகைக்குப் பரம்பரைச் சோதனை முக்கியமாகும் காரணத்தைக் கீழே பிராக்கா (பழுதானால் குடும்ப வழியில் புற்று அபாயத்தைக் கூட்டும் மரபணுக்கள்) பற்றிய பதிலில் சொல்கிறேன்.

சரி, அப்ப ‘ஜீன் வேறுபாடு’ன்னு சொல்லுறது எதை?

ரிசப்டரை எப்படிச் செய்வது, எவ்வளவு செய்வது என்ற குறிப்பு மரபணுவில் எழுதியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் ஆல்ஃபாவுக்கான குறிப்பின் பெயர் ஈஎஸ்ஆர்1, ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. புரோஜெஸ்டரோனுக்கானது பிஜிஆர், பதினொன்றாவதில். அந்தக் குறிப்பில் உங்களுக்கும் எனக்கும் அங்கங்கே ஓர் எழுத்து மாறியிருக்கும். மனிதருக்கு மனிதர் சுமார் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று மாறுவது சாதாரணம். அது வியாதி இல்லை. நம் ஊரில் மரச்சீனி என்பதை நாலு ஊர் தள்ளி மரவள்ளி என்கிறார்களே, அந்த மாதிரி.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ரிசப்டரின் உருவத்தைத் தொடுவதில்லை. எத்தனை காவலாளிகளை நியமிக்கலாம் என்ற உத்தரவைத்தான் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். பிறவியிலேயே வருவதால் எல்லாச் செல்லிலும் இருக்கும், பிள்ளைகளுக்குப் போகவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. அந்த வேறுபாடு இருந்தா புற்று வருமா வராதா?

வாய்ப்பைக் கொஞ்சம் நகர்த்தும். அதை மட்டும் வைத்து வரும் என்றோ வராது என்றோ சொல்ல முடியாது.

2009-ல் ஷாங்காய் பெண்களின் மரபணுத் தொகுப்பைத் துழாவியபோது, ஈஎஸ்ஆர்1-க்குச் சற்று முன்னால் ஓர் எழுத்து மாற்றம் அகப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்திருந்தால் அபாயம் சுமார் 1.4 மடங்கு, இரண்டு பேரிடமிருந்தும் வந்திருந்தால் 1.6 மடங்கு. ஐரோப்பிய வம்சத்துப் பெண்களிடம் பார்த்தபோது இந்த ஏற்றம் இன்னும் சின்னதாக இருந்தது. 2016-ல் அதே இடத்தை இன்னும் நுணுக்கமாகத் துருவி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து மாற்றங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அவை ஈஎஸ்ஆர்1-ஐ மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டு மரபணுக்களையும் சேர்த்து ஆட்டிவைக்கின்றன.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் மரபணுவின் அருகே இருக்கும் மாற்றம் ஈஆர் பாசிட்டிவ் கட்டிக்குத்தானே அதிகம் காரணமாக வேண்டும்? இந்த இடத்து மாற்றங்கள் ஈஆர் நெகட்டிவ் கட்டியோடுதான் கூடுதலாக ஒட்டிநிற்கின்றன. ஈஆர் பாசிட்டிவ் கட்டியோடு வலுவாகச் சேர்ந்து வருவது 2007-ல் கண்டுபிடித்த எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணுவின் மாற்றம், அது ஹார்மோன் ரிசப்டரே இல்லை. பெயரைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

1.4 மடங்குன்னா நூத்துக்கு நாப்பது பேருக்கு வருமா?

வராது. ‘மடங்கு’ என்ற சொல் படுத்தும் பாடு இது. இந்தியாவில் வாழ்நாளில் 28 பெண்களில் ஒருவருக்கு மார்பகப் புற்று வரலாம் என்ற கணக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆயிரம் பேரை நிறுத்தினால் 35 பேர் அளவு. அதை 1.4-ஆல் பெருக்கினால் 49. வேறுபாடு உள்ள ஆயிரம் பேரிலும் 950 பேருக்கு வருவதில்லை. குத்துமதிப்பான கணக்குதான், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து பயத்தை அளந்துபார்க்க இது போதும்.

புரோஜெஸ்டரோன் ரிசப்டர் ஜீனையும் பார்க்கணும்னு ஒருத்தர் சொன்னாரு. அது எப்படி?

அதையும் பார்த்திருக்கிறார்கள். பிஜிஆர் மரபணுவுக்குள் 306 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு கூடுதலாகச் செருகிய வடிவம் உண்டு, புரோஜின்ஸ் என்பார்கள். சில ஆய்வு அபாயம் கூடும் என்றது, சில குறையும் என்றது, சில ஒன்றுமில்லை என்றது. 2003-ல் அமெரிக்க நர்ஸ்களைப் பல வருஷம் தொடர்ந்த ஆய்விலிருந்து அதே மரபணுவின் இன்னொரு மாற்றத்துக்கு மார்பகப் புற்றோடு தொடர்பு இருப்பதாக வந்தது. நர்ஸ்கள் என்றதும் நானும் ஆசையாகப் படித்தேன். அப்புறம் வந்த ஆய்வுகளில் அது அதே உறுதியோடு நிற்கவில்லை.

ஆண் ஹார்மோனுக்கான ரிசப்டர் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடம் ஒன்று உண்டு. பிராக்கா1 குறை உள்ள பெண்களுக்கு அந்தத் தொடர் 28-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ புற்று சின்ன வயதிலேயே வருகிறது என்று 1999-ல் வந்த செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. அதுவும் பிற்பாடு உறுதியாகவில்லை.

அப்ப ஆராய்ச்சிக்காரங்க பொய்யா சொன்னாங்க?

பொய் இல்லை, ஆள் போதவில்லை. விளைவு சின்னதாக இருக்கும்போது இருநூறு முந்நூறு பேரை வைத்துப் பார்த்தால் தற்செயலும் உண்மை மாதிரியே தெரியும். நாணயத்தைப் பத்துமுறை சுண்டி ஏழுமுறை தலை விழுந்தால் நாணயத்தில் கோளாறு என்று சொல்லிவிட முடியுமா? அதோடு, ‘ஏதோ கிடைத்தது’ என்ற ஆய்வு அச்சேறும், ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்றது அலமாரியில் தூங்கும். லட்சக்கணக்கான பெண்களின் மாதிரிகளைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எது நிற்கும் எது விழும் என்பது தெரிந்தது. ஈஎஸ்ஆர்1 பகுதி நின்றது. பழைய கட்டுரைகளில் அடிக்கடி வரும் ரிசப்டர் வேறுபாடுகளில் பல நிற்கவில்லை.

பிராக்கா டெஸ்ட்டுன்னு சொல்லுறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு வேறு. பிராக்கா1, பிராக்கா2 இரண்டும் பழுதான டிஎன்ஏவைச் சரிபார்க்கும் மரபணுக்கள், ரிசப்டரோடு நேர் உறவு இல்லை. முதலாவதைக் குறிப்பாக அடையாளம் கண்டது 1994-ல், இரண்டாவதை 1995-ல். இவற்றில் பழுது இருந்தால் 80 வயதுக்குள் நூறு பெண்களில் சுமார் 70 பேருக்கு மார்பகப் புற்று வருகிறது. மேலே சொன்ன ஆயிரத்துக்கு 49 எங்கே, நூற்றுக்கு 70 எங்கே! ரிசப்டர் வேறுபாடு தூறல் என்றால் பிராக்கா பழுது ஐப்பசி அடைமழை.

ஆனால் அந்த மழை எல்லா வீட்டிலும் பெய்வதில்லை. மார்பகப் புற்றில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் இப்படி ஒற்றை மரபணுப் பழுதால் வருவது. பிராக்கா1 பழுதில் வரும் கட்டிகள் பெரும்பாலும் ட்ரிபிள் நெகட்டிவ். பிராக்கா2-வில் வருபவை பெரும்பாலும் ஈஆர் பாசிட்டிவ். ஆகவே ‘எனக்கு ஈஆர் பாசிட்டிவ், பரம்பரைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று ஒரேயடியாக மூடிவிடவும் கூடாது. மூன்றாவது கேள்வியின் பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள். 8/8 என்பது பரம்பரையைப் பற்றி எதையும் சொல்வதில்லை, உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது.

அம்மை வழியில யாருக்கும் இல்லை. அப்பாவுக்க தங்கச்சிக்கு இருந்தது. அது கணக்குல வராதுல்லா?

கணக்கில் வரும். இந்த ஒரு தவறை மட்டும் நான் பதினைந்து வீட்டிலாவது பார்த்திருப்பேன். மார்பு பெண்ணுக்கு உரியது என்பதால் வியாதியும் பெண்வழியாகவே வரும் என்று நினைத்துவிடுகிறோம். பிராக்கா பழுது அப்பாவிடமிருந்தும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்போடு வரும். அப்பாவுக்கு ஒன்றும் செய்யாமல் சும்மா கடந்துவந்து மகளிடம் தலைதூக்கலாம். ரிசப்டர் வேறுபாடுகளும் இரண்டு வழியிலும் வருபவைதான்.

ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று அளவு. குடும்பத்தில் ஓர் ஆணுக்கு வந்திருந்தால் அதை வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். பரம்பரைச் சோதனைக்கு அனுப்ப அதுவே போதுமான காரணம்.

நாங்க சொந்தத்துல கட்டினவங்க. மாமன் மகனைக் கட்டினதாலதான் வந்துச்சுன்னு மைனி சொல்லுது.

மைனி சொல்வதில் ஒரு பாதி வேறொரு இடத்துக்குச் சரி. சில பிறவி நோய்கள் வர அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும், அதுவும் பிள்ளைகளுக்கு. பிராக்காவுக்கு ஒரே பிரதி பழுதானாலே போதும், அதனால் சொந்தம் அந்நியம் என்ற பேச்சுக்கு அதில் இடம் குறைவு. எப்படியானாலும் கட்டிக்கொண்டவர் யார் என்பதால் உங்கள் மரபணு மாறாது. அது உங்கள் அம்மை வயிற்றிலேயே முடிவானது.

கவனிக்க ஒன்று உண்டு. பிராக்கா2 பழுது ஓடும் குடும்பத்துக்குள்ளேயே பெண்ணெடுத்து, இருவரிடமும் பழுது இருந்தால், பிள்ளைக்கு ஃபான்கோனி என்ற அரிய ரத்தசோகை வர வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் பழுது உறுதியாகியிருந்தால் மட்டும் கல்யாணத்துக்கு முன் இதைப் பேசுங்கள்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் கடல்மணல்ல கதிர்வீச்சு இருக்கு. அதுதான் ஜீனைக் கெடுக்குதா?

நம் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, உண்மைதான். இதே மாதிரி மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. நீண்ட ஆய்வு நடத்தி 2009-ல் முடிவை வெளியிட்டது. சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்தார்கள். தரையிலிருந்து வரும் கதிர்வீச்சு கூடிய இடத்தில் புற்று கூடியதாகத் தெரியவில்லை. அது அந்த ஊர்க்காரர்களைப் பற்றிய கணக்கு. நம் ரிசப்டர் மரபணு வேறுபாடுகள் மணலில் முளைத்தவை அல்ல, ஷாங்காயிலும் லண்டனிலும் இருக்கும் அதே எழுத்துகள்தான்.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே?

கறிக்கோழி வேகமாக வளர்வது தேர்ந்தெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினம் ஊசி போட யாருக்கு நேரம், யாருக்குக் காசு? ஆன்டிபயாடிக் விஷயத்தில் பயப்பட நியாயம் உண்டு, அது வேறு கதை.

எச்சிலை அனுப்பினா எல்லா ஜீனையும் சொல்லுவாங்களாம். ஈஎஸ்ஆர்1 வேறுபாட்டைப் பார்த்துரலாமா?

ஒரு தங்கச்சி அப்படிச் செய்து, ‘ஈஎஸ்ஆர்1: கூடிய அபாயம்’ என்று சிவப்பு மையில் வந்த தாளோடு ராத்திரி பத்துமணிக்கு வீட்டுக்கு ஓடிவந்தாள். எத்தனை மடங்கு என்று அந்தத் தாளில் எங்குமே இல்லை. பிராக்காவை முழுதாகப் பார்க்கவும் இல்லை. காசு கொடுத்துத் தூக்கத்தைத் தொலைத்ததுதான் மிச்சம்.

ஒற்றை ரிசப்டர் வேறுபாட்டைத் தனியாகப் பார்ப்பதால் சிகிச்சையிலோ பரிசோதனையிலோ மாற்ற எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான சின்ன வேறுபாடுகளைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகத் தரும் முறை உருவாகியிருக்கிறது. 2019-ல் வந்த ஒன்று 313 வேறுபாடுகளைக் கூட்டுகிறது. தூறல்களை எல்லாம் ஒரு குடத்தில் பிடித்தால் அளக்கும்படி ஏதாவது சேரும் என்ற யோசனை, நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் குடத்தைச் செய்தது பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களின் அளவுக்கு. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்திருக்கிறார்கள். நம் அளவுக்கு ஒரு குடம் அதுபோன்ற வேலையிலிருந்து வரலாம்.

50 வயதுக்குள் மார்பகப் புற்று, ட்ரிபிள் நெகட்டிவ், சினைப்பைப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, ஒரே வழியில் இரண்டு மூன்று பேர் என்று ஏதாவது இருந்தால் பிராக்கா முதலான மரபணுக்களைப் பார்க்கும் முறையான சோதனையை டாக்டரிடம் கேளுங்கள். புற்று வந்தவருக்கே முதலில் செய்வது நல்லது.

ஆறு வருஷம் கழிச்சுத் திரும்ப வந்துருக்கு. இப்ப ரத்தத்துல ‘ஈஎஸ்ஆர்1 மியூட்டேஷன்’னு வந்துருக்கு. அப்ப பரம்பரைன்னு உறுதியாயிட்டா?

முன்னுரையில் சொன்ன மூன்றாவது வகை இதுதான். குழப்பத்தின் உச்சமும் இதுதான், பெயர் அச்சுஅசலாக ஒன்றே. இது பிறவியில் வந்தது அல்ல. கட்டியின் செல்லுக்குள் மட்டும், பெரும்பாலும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி மருந்துகளைப் பல காலம் சாப்பிட்ட பிறகு முளைக்கும் மாற்றம். மகளுக்குப் போகாது.

செக்போஸ்ட்டுக்குத் திரும்புவோம். அந்த மருந்துகள் சீட்டு அச்சடிப்பதையே நிறுத்துகின்றன. சீட்டு கிடைக்காத காலத்தில், சீட்டே இல்லாமல் தடியைத் தூக்கியபடி நிற்கும் காவலாளி ஒருவர் கட்டிக்குள் கிளம்பிவிடுகிறார். ரிசப்டரின் 537, 538-ஆம் இடங்களில் வரும் மாற்றங்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. இது பரவலாகத் தெரியவந்தது 2013-ல். ரத்தத்தில் தேடுவதற்குக் காரணம், கட்டி உதிர்க்கும் டிஎன்ஏ துணுக்குகள் அங்கே மிதப்பதுதான். தெரிந்தால் மருந்தை மாற்றலாம். அந்தக் காவலாளியையே அப்புறப்படுத்தும் எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு 2023 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ரிசப்டரே வேலை செய்யாம பிறந்தா புற்று பயமே இல்லையே? நல்லதுதானே?

கேட்டது பிளஸ் டூ படிக்கும் ஒரு பேத்தி. எனக்குப் பிடித்த கேள்வி. ஈஎஸ்ஆர்1-இன் இரண்டு பிரதியும் பழுதான 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி 1994-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த வயதிலும் அவர் உயரமாக வளர்ந்துகொண்டே இருந்தார், எலும்பின் வளரும் முனைகள் மூடவே இல்லை, எலும்பு அடர்த்தி குறைந்து கிடந்தது. ஆணின் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்று உலகம் தெரிந்துகொண்டது அவரால்தான். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நல்ல சரக்கும் ஊருக்குள் வராது.

டாமாக்சிஃபென் இவ்வளவு நல்லதுன்னா, மகளுக்கு முன்கூட்டியே குடுத்துரலாமா?

நீங்களாகக் கொடுக்கவே கூடாது. அபாயம் கூடிய பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் மார்பகப் புற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, 1998-ல் வந்த முடிவு. குறைந்தது ஈஆர் பாசிட்டிவ் வகை மட்டும். கூடவே ரத்தம் உறைவதும் கருப்பைப் புற்றும் கூடின. யாருக்கு லாபம் அதிகம் என்று நிபுணர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம். அம்மையின் ஸ்ட்ரிப்பிலிருந்து இரண்டு மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அப்ப ஜீனைப் பத்திக் கவலைப்படாம மகளுக்கு என்னதான் செய்ய?

தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் ஒரு பெண்ணின் அபாயம் சராசரியைவிட 1.8 மடங்கு அளவு. ரிசப்டர் வேறுபாட்டை எல்லாம்விட இது கனமான தகவல், இதற்கு டெஸ்ட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். மறுபக்கம், மார்பகப் புற்று வந்த 9 பேரில் 8 பேருக்குத் தாய், சகோதரி, மகள் யாருக்கும் அது இருந்ததில்லை. ஆகவே ‘எங்க குடும்பத்துல இல்லை’ என்பவர்களும் சும்மா இருக்க முடியாது.

ஹார்மோன் எத்தனை வருஷம் மார்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது பெரிய விஷயம். சீக்கிரம் வயதுக்கு வருவதும், மாதவிடாய் தாமதமாக நிற்பதும் அபாயத்தைக் கூட்டும். அவை நம் கையில் இல்லை. தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் நூற்றுக்கு 4 பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் உடல் எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது உதவும், கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜன் செய்யும் இடம்.

30 தாண்டியவர்கள் அரசு சுகாதார நிலையத்தில், பயிற்சி பெற்ற பணியாளர் கையால் பார்க்கும் மார்பகச் சோதனைக்குப் போகலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருஷம் தொடர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இப்படிக் கையால் பார்த்ததே 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் மார்பகப் புற்று இறப்பை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. தாய்க்குச் சின்ன வயதில் வந்திருந்தால், அந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பிருந்தே மகளுக்கு எந்தச் சோதனை, எப்போது என்று கேட்டு வையுங்கள்.

மரபணு ஆலோசனைக்கு எழுதிக் குடுத்துருக்காங்க. என்ன கொண்டு போகணும்?

பயாப்ஸி ரிப்போர்ட், அதில் ஈஆர், பிஆர், ஹெர்-2 உள்ள பக்கம், ஆப்பரேஷன் செய்த இடத்திலிருந்து, திசுத் துணுக்கைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியும் ஸ்லைடும் கிடைக்குமானால் அவை. அதைவிட முக்கியம் ஒரு தாள். அம்மை வழி ஒரு பக்கம், அப்பா வழி ஒரு பக்கம், யாருக்கு எந்த உறுப்பில் புற்று, எந்த வயதில். ‘வயிற்றில் கட்டி’ என்று மட்டும் சொல்லி அந்தக் காலத்தில் இறந்துபோன பெரியம்மையையும் விடாமல் எழுதுங்கள், அது சினைப்பையாக இருந்திருக்கலாம். வயது யாருக்கும் நினைவு வராது. ‘சுனாமிக்கு முன்னாலயா, பின்னாலயா? அப்ப மூத்தவன் என்ன படிச்சான்?’ என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பாட்டிகள் மாதம் தேதியோடு பதில் சொல்கிறார்கள்.